ஒரு குப்பி நீர் ஆறாகாது

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் கல்குவாரிக்கு எதிராக யாராவது குரல் எழுப்பினால், பதில் பெரும்பாலும் ஒரே அச்சில் வருகிறது: தண்ணீரைச் சோதித்தாயிற்று, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது. அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. அதிகாரி மட்டுமல்ல, ஊர்க்காரரும் இதை நம்புகிறார். கைவிட்ட குவாரிக் குழியில் தேங்கி நிற்கும் நீல நீரைப் பார்த்து ‘என்ன தெளிவு!’ என்று வியப்பவரும் இந்த நம்பிக்கையின் மறுபாதியைத்தான் சுமக்கிறார். தெளிந்த நீர் நல்ல நீர், ஒருமுறை தேறிய நீர் என்றைக்கும் தேறிய நீர். சுரங்கத்தின் அருகே இவை இரண்டுமே பொய்.

தெளிவை முதலில் பார்ப்போம். நிலக்கரியோடு கலந்து கிடக்கும் பைரைட் என்ற கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டதும் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்து ஓடைக்கு இறக்குகிறது. மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் எலிவளைச் சுரங்கங்கள் செய்தது இதைத்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் அவற்றுக்குத் தடை விதித்தது. அங்குள்ள லுகா ஆறு குளிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் நீலமாகிறது, மீன்கள் சாகின்றன. சுரங்கமா, சிமெண்ட் ஆலைகளா, இரண்டும் சேர்ந்தா என்று காரணம் பற்றி வாதம் நடந்தது. அந்த நீலம் அழகு என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. வெள்ளறடை, குன்னத்துக்கால் பக்கத்துக் கருங்கல்லில் நிலக்கரி இல்லை, இத்தகைய அமிலத்துக்கு இடமும் குறைவு. ஆனால் வெடிமருந்திலுள்ள அம்மோனியம் நைட்ரேட்டில் வெடிக்காமல் மிஞ்சுவது நீரில் கரையக்கூடியது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தாண்டியதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அப்படியானால் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய குப்பி சொல்லிவிடுமே என்பார்கள். குப்பி சொல்வது செறிவை மட்டும், ஓட்டத்தைச் சொல்வதில்லை. ஒரு கணக்குக்காக, கோடையில் நொடிக்கு 10 லிட்டர் ஓடும் தோட்டில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் மாசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 500 மில்லிகிராம் கீழே போகிறது. இடவப்பாதி மழையில் அதே தோட்டில் நொடிக்கு 200 லிட்டர் ஓடுகிறது, செறிவு 5 மில்லிகிராமாகக் குறைகிறது. காகிதத்தில் நீர் அமோகமாகத் தேறிவிட்டது. உண்மையில் கீழேயுள்ள குளத்துக்கு இப்போது நொடிக்கு 1000 மில்லிகிராம் போய்ச் சேர்கிறது, முன்னைவிட இரண்டு மடங்கு. மழைநாளில் மாதிரி எடுத்தவரிடம் வஞ்சகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டத்தை அளக்காமல் விட்டாலே போதும், கணக்கு தானாகப் பொய்யாகிவிடும். கோடை முடிந்து விழும் முதல் மழை, குவாரித் தூசியையும் குழியில் சேர்ந்ததையும் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போகும். மறுவாரம் வரும் பரிசோதகருக்கு அதில் ஒன்றும் அகப்படாது.

இந்த அளவீட்டுப் பஞ்சம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு நெய்வேலி இருக்கிறது. மத்தியத் தொகுப்பு வழியாகக் கேரளத்துக்கும் அங்கிருந்து மின்சாரம் வருவதால் பாறசாலைக்கு அது அந்நியமான ஊர் அல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோதுதான் அங்கே கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் அந்தப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும் நிறுவனம் உருவானது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் நீர் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது, வயல்களும் விளைகின்றன. உடனே ‘சுரங்கம்தானே தண்ணீர் தருகிறது’ என்ற பேச்சு பிறந்துவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளை நிரப்பியிருந்த நிலத்தடியிலிருந்தே அந்த நீரில் பெரும்பகுதி வருகிறது என்பதும், அதில் என்ன கரைந்திருக்கிறது என்பதும் வரவை மட்டும் எழுதும் இந்தப் பேரேட்டில் ஏறவில்லை.

2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நாடு அதைப் பார்த்தது. அடுத்த மாதம் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் வெளியிட்ட அறிக்கை, வடக்குவெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் வரம்பைப் போல 250 மடங்கு இருந்ததாகச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்த எண்ணை நான் அபாயச் சங்காக மதிக்கிறேன், தீர்ப்பாக அல்ல. சில நாள் மாதிரிகளை வைத்து நிறுவனம் நற்சான்று வாங்கிக்கொள்ளக் கூடாது என்றால், சில நாள் மாதிரிகளை வைத்து எதிர்த்தரப்பும் வழக்கை முடித்துவிட முடியாது. சுரங்கம் தோண்டும் முன் அந்த நீர் எப்படி இருந்தது, மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் என்ன வேறுபாடு, எந்த மாதம் எவ்வளவு ஓடியது என்று எவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய நீண்ட பதிவு இருந்தால் மட்டுமே வாதம் முடியும். அது இல்லாத இடத்தில் சந்தேகத்தின் பலன் எப்போதும் தோண்டுபவருக்கே போகிறது.

ஆலைகளில்தான் தானியங்கி அளவீட்டுக் கருவி இருக்கிறதே, விவரம் நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறதே என்பது அடுத்த வாதம். அந்தக் கருவிகள் கழிவுநீர்க் குழாயின் வாயில் இருப்பவை. அமிலத்தன்மை, கலங்கல் போன்ற சிலவற்றையே அளப்பவை. பாதரசம் அவற்றின் வேலை அல்ல. குழாயைச் சேராமல் மண் வழியே கசிவதும், கொட்டிய மண்மேட்டிலிருந்து மழையில் வழிவதும் அவற்றின் பார்வைக்கே வராது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், உரிமம் கேட்பவர் தோண்டுவதற்கு முன்பே ஓடையின் நிலையைப் பதிய வேண்டும் என்கின்றன. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அளக்க வேண்டியவற்றின் பட்டியலில் இரும்பு, மாங்கனீசோடு ஓட்டமும் இருக்கிறது. அந்த நாட்டு ஆறுகள் அதனால் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி சட்டத்தில் இருக்கிறது, அவ்வளவே.

எல்லைக்கு இருபுறமும் நீரை அளவால் மட்டும் பார்க்கும் பழக்கம் ஊறிவிட்டது. நெய்யாறு இடதுகரைச் சானலில் விளவங்கோட்டுக்கு வந்த நீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் கேட்கப்படுவது எவ்வளவு நீர் என்பதே. குவாரி விவகாரத்தில் நேர்மாறு: தரத்துக்கு ஒரு தாள், அளவுக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் அளக்கச் செலவாகும் என்பது கடைசித் தடை. மதகடியில் ஓர் அளவுகோல், நீரில் கரைந்தவை கூடுவதைக் காட்டும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மின்கடத்துத்திறன் மானி, வாரம் ஒருமுறை போய்க் குறிக்க ஓர் ஆள். கடத்துத்திறன் திடீரென எகிறும்போது மட்டும் விலை கூடிய சோதனை. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். களியக்காவிளை வழியாக விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு லாரிக் கல்லுக்கும் எடை பார்த்துச் சீட்டு எழுத நமக்குக் காசிருக்கிறது. அந்தக் கல் புறப்பட்ட மலையடி ஓடைக்கு மட்டும் கட்டுப்படியாகாது என்பதை எந்தக் கணக்கில் ஏற்பது?