மலையைப் பார்க்காத விருந்தாளி

திருப்பதியில் குடியிருப்பவருக்கு விருந்தாளிப் பஞ்சம் வந்ததே இல்லை. திருவண்ணாமலையிலிருந்து பழைய நண்பர் வருகிறார் என்று வையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது தரிசன டிக்கெட்டைப் பற்றித்தான். பஸ்ஸில் மேலே போகிறார். வரிசையில் நிற்கிறார். லட்டோடு கீழே வருகிறார். ஏழு மலையும் ஏறி இறங்கியாயிற்று. மலையைத்தான் பார்க்கவில்லை.

உள்ளூர் நண்பர் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருந்தால் கதை மாறும். திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையின் சரிவுகளில் கீழே கிரானைட் பாறை. அதன்மேல் அடுக்கடுக்காகக் குவார்ட்சைட். இரண்டும் சந்திக்கும் இடம், பார்வைக்கு வெறும் கோடு. அது குறிக்கும் கால இடைவெளி சுமார் 50 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. பஸ் பயணிகளில் எத்தனை பேர் தலையைத் திருப்புகிறார்கள்? மலை உச்சியில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, சிலாதோரணம். காற்றும் நீரும் செதுக்கிய கல் வளைவு. 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்.

காட்டைக் காட்டும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இந்தச் சேஷாசலம் காடுகளில் இருக்கிறது. 1995 முதல் அதன் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமானது. ஆனாலும் சீனச் சந்தையின் விலைக்குக் கோடரி ஓயவில்லை.

கோடரி பிடிக்கும் கைகளில் பல, நண்பரின் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு வரும் ஏஜெண்டுகள், ஊரில் கிடைக்காத கூலியைக் காட்டி அழைத்துப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை ஒட்டிய காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தினர். கோடரியாலும் கல்லாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் பெரிய முதலாளி யாரும் இல்லை. மரத்தை வாங்குபவர் காட்டுக்குள் வருவதில்லை.

இதை விருந்தாளியிடம் சொல்லலாமா? சாமி கும்பிட வந்தவரிடம் சாவுக் கதை எதற்கு என்று தோன்றும். ஆனால் ஸ்ரீவாரி மெட்டுவின் 2,388 படிகளில் பக்தர்கள் ஏறுவதும், கூலிகள் இருட்டில் நுழைந்ததும் இதே மலைத்தொடரில்தான். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகச் சொன்ன வேங்கடம் இது. இன்று இந்த எல்லையைப் பிழைப்புக்காகத் தாண்டுகிறவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் மலையைக் காட்டியதாக ஆகும்.

அடுத்த முறை நண்பர் வந்தால் அரை நாள் கூடுதலாகத் தங்கச் சொல்லுங்கள். தரிசனத்துக்கு அவரே டிக்கெட் எடுத்துக்கொள்வார். மலையைக் காட்ட உள்ளூர்க்காரர்தான் வேண்டும்.