காணிக்கைப் பட்டியலில் வராத பிள்ளைகள்

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு மகன் வீட்டுக்குள் நுழைகிறான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு நாள். அடுக்களையில் அச்சு முறுக்குக்கு எண்ணெய் காய்கிறது. தங்கை குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருக்கிறாள். அவன் ஷூவைக் கழற்றுமுன் நாம் கேள்வித்தாளுக்குக் கை நீட்டிவிடுகிறோம். ஒரு மார்க் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, தப்பானவற்றைப் பென்சிலால் சுழிக்கிறோம். நான்கு சுழி விழுவதற்குள் அவன் முகத்திலிருந்து விடுமுறை போய்விடுகிறது.

அந்தக் கேள்வித்தாளை ஜனவரி வரை மடித்து வைத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை பலமுறை சொல்லியிருக்கிறது. மீறி வைத்தால் பள்ளிகளைத்தான் திட்டுகிறோம். ஆனால் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். "மிஸ், பத்து நாள் சும்மா விட்டா எல்லாம் மறந்துடுவாங்க, 26-லிருந்து ரிவிஷன் டெஸ்ட் வைங்க" என்று எழுதுவது யார்? நாம்தான். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகளைப் போடுவதும் நாம்தான். பள்ளி மறுத்தால் இருக்கவே இருக்கிறது டியூஷன் சென்டர். 24-ம் தேதி மாலை அதன் வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருக்கும் அம்மாக்களில் சிலர் கேக் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். பாசம் இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. மார்ச் மாதத்தை நினைத்துப் பயந்து போனவர்கள், என்னையும் சேர்த்து.

எங்கள் தாம்பரம் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் இரவு பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் என்று வேன் சுற்றும். போன வருடம் வரை அதில் டிரம் அடித்த பையனை, பத்தாம் வகுப்பு வந்ததும் நாம் நிறுத்திவிடுகிறோம். அவனுடைய நண்பர்கள் அவன் வீட்டு வாசலுக்கே வந்து நின்று பாடுகிறார்கள். நாம் சிரித்த முகத்தோடு காணிக்கைக் கவரும் சாக்லேட்டும் கொடுத்து அனுப்புகிறோம். அவன் சமூக அறிவியல் புத்தகத்தோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறான். விரல்கள் புத்தக அட்டையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அன்றிரவு எந்தப் பாடம் அவன் தலையில் ஏறியிருக்கும்?

நம்மில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இல்லையென்றால் நாகர்கோவில் பக்கம். டிசம்பர் கடைசியில் தாம்பரம் ரயில் நிலையத்திலும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலும் கால் வைக்க இடமிருக்காது. அதே நாட்களில் "பத்தாவதுல இருக்கான் அத்தை, அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம்" என்று எத்தனை வீடுகளிலிருந்து ஊருக்குப் போன் போகிறது! பத்தாவது முடிந்தால் பிளஸ் ஒன், பிறகு பிளஸ் டூ, கூடவே நீட். ஜேஇஇ மெயின் முதல் சுற்று ஜனவரியிலேயே வந்துவிடுவதால் அந்த டிசம்பரும் போச்சு. பேரனுக்கென்று முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் எடுத்துவைத்த ஆச்சி, கடைசியில் சென்னைக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறாள். இன்னும் எத்தனை டிசம்பருக்கு அவளைக் காத்திருக்கச் சொல்லப் போகிறோம்?

சொந்தக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்தால் அது வேறு மாதிரி. பிரியாணித் தட்டோடு உட்கார்ந்ததும் பெரியப்பா, "என்னடா, அரையாண்டுல எவ்வளவு வரும்?" என்று ஆரம்பிக்கிறார். பாசத்தில்தான் கேட்கிறார். பதின்ம வயதுப் பையனிடம் வேறு எதைப் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. பதிலை நாம் முந்திக்கொள்கிறோம்: "கணக்குலதான் கொஞ்சம் வீக். உங்க பொண்ணு எப்படிப் படிக்கிறா?" காலை ஆராதனையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. அரசு கைவிட்ட ரேங்க் பட்டியலை நாம் ஏன் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வாசிக்க வேண்டும்?

பிள்ளைகளிடம் பேச விஷயமா இல்லை? நம் தாம்பரத்திலேயே ஒன்று இருக்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து இங்கே குடிவந்தது 1937-ல். மறு வருடம் டிசம்பர் 12 முதல் 29 வரை அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்தக் கிறிஸ்துமஸைத் தாம்பரத்தில் கழித்தார்கள். ஜப்பானும் சீனாவும் அப்போது போரில் இருந்தன. ஆனாலும் இரண்டு நாட்டுக்காரர்களும் வந்து ஒரே வளாகத்தில் தங்கி ஒன்றாக ஜெபித்தார்கள். அந்த ஊரில் அண்ணன் பிள்ளையையும் தம்பி பிள்ளையையும் மார்க்கைச் சொல்லி நாம் பிரித்து உட்கார வைக்கலாமா?

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்துவது 31-ம் தேதி இரவு. வருடத்தின் கடைசி ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகள் வாசிக்கப்படுகின்றன. மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததற்காக, மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக. நன்றி சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 280 மார்க் வாங்கிய பிள்ளைக்காக யாராவது காணிக்கை கொடுத்து நீங்கள் கேட்டதுண்டா? அந்தப் பிள்ளையின் பெயர் ஜெப விண்ணப்பத்தில்தான் வருகிறது. "கவனம் சிதறாமல் படிக்க சபை ஜெபிக்கவும்." விண்ணப்பச் சீட்டை எழுதிக் கொடுத்ததும் நாம்தான், வேறு யாருமில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் தன் பெயரைக் கேட்டதும் பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து புரட்டுகிறான். அவனுக்குத் தேவையில்லாத பக்கம் அது. காது மடல் சிவந்திருக்கிறது.

வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் தாத்தாவைக் கைபிடித்து ஆலயத்துக்கு அழைத்து வந்தவன் அவன்தான். மழைக்காலத்தில் கரண்ட் போய் மோட்டார் ஓடாத நாட்களில் மூன்று மாடிக்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றியவனும் அவன்தான். அதற்காக ஒரு நூறு ரூபாயைக் கவரில் போட்டு அவன் பெயரை எழுத நமக்கு ஏன் தோன்றவில்லை?

ஆலயத்துக்குப் போகாத வீடுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே புது வருடத் தீர்மானம் என்ற பெயரில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு டைம்டேபிள் ஒட்டப்படுகிறது. எழுதியது அப்பா, கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது.

"பத்து நாள் விட்டால் பிடிக்க முடியாது" என்று பதறுகிறவர்களுக்கு 2015-ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பிள்ளைகள் மொட்டை மாடியில் நிற்க, கீழே அவர்களுடைய புத்தகப் பைகள் தண்ணீரில் ஊறின. அரசு புதுப் புத்தகங்கள் கொடுத்தது. அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2016 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினார்கள். மாநிலத்தின் பிளஸ் டூ தேர்ச்சி முந்தைய வருடத்தின் 90.6 சதவீதத்திலிருந்து 91.4 ஆனது. மாநிலக் கணக்கை வைத்து முடிச்சூர்ப் பிள்ளை பட்ட பாட்டை அளக்க முடியாதுதான். ஆனால் ஒரு டிசம்பர் போனால் எல்லாமே போயிற்று என்று நடுங்குகிறோமே, அந்த நடுக்கத்துக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

இந்த வருடம் 26-ம் தேதி வகுப்புக்கான செய்தி குழுவில் வரும்போது, "எங்கள் பிள்ளை ஜனவரியில் வருவான்" என்று எழுதப் போகிறேன். நான் மட்டும் எழுதினால் என் பிள்ளை தனியாக ஆசிரியர் கண்ணில் படுவான். பத்துப் பேர் எழுதினால் அந்த வகுப்பே நடக்காது. நீங்களும் எழுதுங்கள். 31-ம் தேதி காணிக்கைக் கவரில் பிள்ளையின் பெயரை எழுதும்போது, மார்க்கோடு சம்பந்தமில்லாத ஒரு காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். என்ன எழுதுவதென்று தோன்றாவிட்டால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஓர் இரவு கேரல் வேனில் அவனோடு ஏறிச் சுற்றுங்கள். ஊருக்குப் போகிற ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, படிப்பைத் தவிர அவன் எதைப் பேசினாலும் செங்கல்பட்டு தாண்டும் வரையாவது குறுக்கிடாமல் கேளுங்கள்.