இரவு 11 மணிக்கு உங்கள் பிள்ளை எங்கே?

லண்டனில் இரவு 11 மணி என்றால், குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை 4.30. கோடையில் 3.30. சுபுஹுக்கு எழும் வாப்பா மகனுக்கு ஃபோன் செய்கிறார். அவன் எடுக்கவில்லை. உடனே மனதில் என்ன ஓடுகிறது? "வெள்ளிக்கிழமை இரவாயிற்றே! எங்கே சுற்றுகிறானோ, யாரோடு கூத்தடிக்கிறானோ?"

பெற்றோர்களே! வணிகச் சகோதரர்களே! இந்தப் பயம் வீண் பயம் என்று நாம் சொல்ல வரவில்லை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் செப்டம்பர் கடைசியில் புதுமுக மாணவர் வாரம் நடக்கும். ஒருவரோடு ஒருவர் பழகவென்றே ஏற்படுத்தப்பட்ட அந்த வாரத்தின் இரவுகளில் பெரும்பகுதி மதுக்கடையைச் சுற்றித்தான் கழிகிறது. பல மாணவர் சங்கங்கள் சொந்தமாகவே மதுக்கூடம் நடத்துகின்றன. ஊரில் தெருமுனைக் கடையில் சிகரெட் பிடிக்கக்கூடத் தயங்கிய பையனுக்கு அங்கே தடுக்க ஆளில்லை. சறுக்கியவர்களும் உண்டு. (மகள் இரவு 8 மணிக்கு ஃபோனை எடுக்காவிட்டால் ஊரே பேசுகிறது. மகன் நள்ளிரவு வரை எடுக்காவிட்டால் "ஆம்பளைப் பிள்ளைதானே" என்று விட்டுவிடுகிறோம். இந்த இரட்டைத் தராசு எங்கிருந்து வந்ததோ!)

ஆனால் நம் ஊர்களிலிருந்து போன பிள்ளைகளில் பலர் அந்நேரம் கூத்தில் இல்லை. அவர்கள் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள். கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்கள். மழையில் சைக்கிள் மிதித்து அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். 2016 ஆகஸ்டிலிருந்து லண்டன் சுரங்க ரயில் சில தடங்களில் வெள்ளி, சனி இரவு முழுவதும் ஓடுகிறது. ஆடிப்பாடித் திரும்பும் கூட்டமும், கை வெளுக்கக் கழுவிவிட்டுத் திரும்பும் நம் பிள்ளையும் ஒரே பெட்டியில்தான் வருகிறார்கள். காலை 9 மணி வகுப்பில் தூங்கி வழிவது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஏன் இந்த நிலை? கணக்குப் போட்டுப் பாருங்கள். வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். 20 மணிக்கு 244 பவுண்ட். 4 வாரத்துக்கு 977 பவுண்ட் கூட வராது. லண்டனில் ஒரு மாணவர் தங்கிச் சாப்பிட மாதம் 1,529 பவுண்ட் கையிருப்பு காட்ட வேண்டும் என்று அதே அரசே 2025 நவம்பரில் விதி வைத்தது. ஒழுங்காக வேலை பார்த்து, ஒழுங்காகக் கூலி வாங்கினாலும், சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே துண்டு விழுகிறது. இதில் கல்லூரிக் கட்டணத்தை எங்கே கட்டுவது? வட்டிக் கடனை எங்கே அடைப்பது?

"பையன் போய்ச் சேர்ந்ததும் அவனே சம்பாதித்துக் கட்டிவிடுவான்" என்று ஏஜெண்ட் சொன்ன வார்த்தையை நம்பி நகையை விற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஓராண்டு முதுநிலைப் படிப்பில் கோடை மாதங்களும் ஆய்வறிக்கை எழுதும் பாடகாலமாகவே எண்ணப்படுகின்றன. அப்போதும் 20 மணி நேரம்தான். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. சாப்பாடு கொண்டுபோகும் வேலை பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வருகிறது. எனவே பிறர் பெயரிலுள்ள கணக்கை வார வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். பிடிபட்டால் விசா போகும், படிப்பும் போகும்.

இங்கேதான் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. 20 மணிக்கு மேல் வேலை செய்யும் பையன் யாரிடமும் முறையிட முடியாது. முறையிட்டால் முதலில் மாட்டுவது அவன்தான். இதைத் தெரிந்துகொண்டு, கணக்கில் ஏறாமல் கையில் பாதிக் கூலி கொடுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம் மொழி பேசுபவர்கள் உண்டு, நம்மோடு ஒரே வரிசையில் தொழுபவர்களும் உண்டு. "ஊர்ப் பிள்ளைக்கு உதவி செய்கிறேன்" என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்! இது உதவியா? கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்த நம் முன்னோர் ஊரிலிருந்து வந்த பையனைத் தம் கடையிலேயே தங்கவைத்துச் சோறு போட்டார்கள். அவன் எங்கே போகிறான், எப்போது வருகிறான் என்று கவனித்தார்கள். இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. கவனிக்கும் கண்கள்தான் குறைந்துவிட்டன. மனசாட்சி உறுத்தாதவர்களுக்குச் சட்டத்தையும் சொல்லிவைப்போம்: அனுமதியை மீறி வேலை வாங்கினால் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ட் வரையும், மறுமுறை சிக்கினால் 60,000 பவுண்ட் வரையும் அபராதம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்தியிருக்கிறார்கள்.

இனி தம்பிமார்களே, உங்களிடம் வருவோம்.

வேலை, படிப்பு, அறை என்று அடைந்து கிடப்பதைப் பேணுதல் என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. அந்த இருட்டில் மாதக்கணக்காகத் தனியே கிடந்தால் திடமான பையனும் உடைந்துபோவான். சறுக்கலும் பல நேரம் அந்தத் தனிமையிலிருந்துதான் தொடங்குகிறது. மது சுழலும் மேஜையில் உட்காருவதற்கில்லை. அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆனால் "பப்புக்கு வரமாட்டேன்" என்று சொல்வதும் "உங்களோடு பழகமாட்டேன்" என்று சொல்வதும் ஒன்றா? வகுப்புத் தோழன் அழைக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நீங்கள் முந்திக்கொண்டு அழையுங்கள். அழைப்பவர்தான் இடத்தை முடிவு செய்வார். சனிக்கிழமை இரவு பொதுச் சமையலறையில் பிரியாணி போடுங்கள். வெள்ளைக்காரன், சீனாக்காரன், நைஜீரியாக்காரன் எல்லாரும் வருவார்கள். தட்டைக் கழுவிவைத்துவிட்டும் போவார்கள்.

அங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மாணவர்கள் இதற்கெல்லாம் வழி கண்டுவிட்டார்கள். இரவு வெகுநேரம் திறந்திருக்கும் இனிப்பு, ஐஸ்கிரீம் கடைகளில் அவர்கள் கூட்டம் நிறைந்திருக்கிறது. ஐந்து பேர் கால்பந்து ஆடுகிறார்கள். அநேகமாக எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களிலும் இஸ்லாமிய மாணவர் சங்கம் இருக்கிறது. அவற்றின் கூட்டமைப்பு 1963-லேயே தொடங்கப்பட்டது. போன முதல் வாரத்திலேயே அங்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஊர்க்காரர்களைத் தேடிப் பிடிப்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து பேசும்போது "தொழுதாயா, சாப்பிட்டாயா" என்று கேட்கிறீர்கள், நல்லது. "இந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தாய்? மணிக்கு என்ன கொடுத்தார்கள்? யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் கேளுங்கள். கோபமில்லாமல் கேட்டால் உண்மை வரும்.

அடுத்த செப்டம்பருக்குப் பிள்ளையை அனுப்ப இப்போதே ஏஜெண்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். கட்டணம், வாடகை, சாப்பாடு, ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எதிரே 20 மணி நேரக் கூலியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மீதிக்கு என்ன வழி என்று கேட்டு, "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள்.