கப்பலேறும் முன் கதவை அளந்திடுக

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளைச் சுமந்த கப்பற்பயணம் 1995இல் நின்றது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசப் பயணம் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ 1990இல் சேவை தொடங்கிய கப்பல். முழங்கால் தளர்ந்த பெற்றோரை இத்தகைய பழைய கப்பலில் நெடும்பயணம் அழைத்துச் செல்ல எண்ணுகிறீர்களா? பழங்கப்பல்களில் அறைக் கதவு குறுகியும், குளியலறை வாசற்படி உயர்ந்தும் இருப்பதுண்டு. உளூச் செய்ய நாள்தோறும் ஐவேளை கடக்க வேண்டிய படி அதுவன்றோ! சக்கர நாற்காலியை அளந்துகொண்டு, கதவின் அகலத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில், லிப்டுக்கு அருகில் அறை வேண்டுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. சில ஊர்களில் கப்பல் துறைமேடையில் அணையாது. வெளியே நங்கூரமிட்டுப் பயணிகளைப் படகில் இறக்குவார்கள். அங்கே நாற்காலியோடு இறங்க அனுமதிப்பார்களா என்பதைப் பணம் கட்டுமுன்பே கேட்டுவிடுங்கள்.