விளையாட ஒரு துண்டு நிலம்

"இப்ப உள்ள பிள்ளைங்க போனும் கையுமாவே இருக்குதுங்க." இதைச் சொல்லாத ஆள் இல்லை, நாங்களும் சொல்லியிருக்கிறோம். கவ்வாத்து மிலாறை வெட்டி கிட்டிப்புள் அடிச்சதும், லயத்து வாசல்ல கிளித்தட்டுக்குக் கோடு கிழிச்சதும், தேயிலைக்குள்ள போன பந்தை அட்டைக்கடியோட தேடினதும் மறக்குமா?

ஆனா ஒன்றை யோசிப்போம். அந்த வாசல் எங்க பேரில் இருந்ததா? இல்லை. எங்க மைதானம் எப்பவும் இரவல்தான்.

ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு, பிள்ளைகள் ஓடித்திரிந்த வாசல்களும் மண்ணுக்குள் போயின. அதற்குப் பிறகு, அடைமழை பிடித்தால் எந்த அம்மாவுக்குப் பிள்ளையை வெளியே விட மனசு வரும்? போனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

தனி வீட்டுக்குக் காணி என்கிறார்கள். அது எங்கள் உரிமை. வீட்டோடு சேர்த்து, பிள்ளைகள் பயமில்லாம ஓடியாட, மண் சரியாத ஒரு பொது நிலத்தையும் கேட்போம். பழைய கதை பேசிப் பெருமூச்சு விடுவதைவிட அதுதான் இப்ப அவசியம்.