பள்ளிகளில் அயல்மொழிக் கல்வி: கொள்கையில் இடம், கால அட்டவணையில் நெருக்கடி

புதுதில்லி: ஜெர்மன், ஜப்பானியம், பிரெஞ்சு உள்ளிட்ட அயல்மொழிகளை இடைநிலை வகுப்பு மாணவர்கள் கற்க வாய்ப்பு அளிக்கப்படும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை உறுதி கூறுகிறது. மாணவர் கற்கும் மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்றும் அதே கொள்கை வரையறுக்கிறது. எஞ்சிய ஓரிடத்தைப் பெரும்பாலான பள்ளிகளில் ஆங்கிலம் பெற்றுவிடுகிறது. ஆகவே பிற அயல்மொழிகள் நான்காவது மொழி என்ற நிலைக்குத் தள்ளப்படுகின்றன. அந்த நான்காவது இடத்துக்குப் பாடவேளையும் ஆசிரியரும் உண்டா என்பதே இப்போது மாணவர்கள் முன் உள்ள கேள்வி.

2023-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும் இந்த விதியையே பின்பற்றுகிறது. 9, 10-ஆம் வகுப்புகளில் மூன்று மொழிகள். அவற்றில் இரண்டு இந்திய மொழிகள். 11, 12-ஆம் வகுப்புகளில் இரண்டு மொழிகள். அவற்றில் ஒன்றாவது இந்திய மொழி. தாய்மொழியையும் இந்திய மொழிகளையும் காக்கும் நோக்கம் இதில் தெளிவாக உள்ளது. ஆனால், ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் ஒரே தட்டில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உயர்கல்வியையும் வேலைவாய்ப்பையும் எண்ணும் பெற்றோர் ஆங்கிலத்தைக் கைவிடத் துணிய மாட்டார்கள்.

2014 கற்பித்த பாடம்

இந்த நெருக்கடி புதியதன்று. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் பெருமளவில் பயிலும் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில், கோத்தே நிறுவனத்துடன் 2011-ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஜெர்மன் மூன்றாவது மொழியாகக் கற்பிக்கப்பட்டது. சுமார் 500 பள்ளிகளில் ஏறத்தாழ 70 ஆயிரம் மாணவர்கள் அதைப் பயின்றனர்.

மும்மொழித் திட்டத்துக்கு இது முரணானது எனக் கூறி, 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பள்ளிகளின் நிர்வாகக் குழு ஜெர்மனை மூன்றாவது மொழி என்ற நிலையிலிருந்து நீக்கியது. சம்ஸ்கிருதமோ மற்றொரு இந்திய மொழியோ அதற்கு மாற்றாக வைக்கப்பட்டது. விரும்புவோர் ஜெர்மனைக் கூடுதல் பாடமாகத் தொடரலாம் என அரசு விளக்கமளித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஜி-20 மாநாடு நடைபெற்றபோது, அன்றைய ஜெர்மனி பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் இவ்விவகாரத்தைப் பிரதமர் நரேந்திர மோடியிடம் எழுப்பினார்.

கொள்கை அளவில் அரசின் வாதத்துக்கு அடிப்படை இருந்தது. மும்மொழித் திட்டம் அயல்மொழிகளுக்காக வகுக்கப்பட்டதன்று. ஆயினும், முடிவு எடுக்கப்பட்ட நேரமே மாணவர்களைப் பாதித்தது. ஏப்ரலில் தொடங்கிய கல்வியாண்டின் நடுவே, ஒரு மொழியை விட்டு மற்றொன்றைத் தொடக்கத்திலிருந்து படிக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். பெற்றோர் உச்சநீதிமன்றத்தை நாடினர். அந்தக் கல்வியாண்டில் சம்ஸ்கிருதத்துக்குத் தேர்வு இராது என மத்திய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்த பின்னரே பதற்றம் தணிந்தது.

2015-ஆம் ஆண்டு அக்டோபரில் மெர்க்கல் தில்லி வந்தபோது, இந்தியாவில் ஜெர்மனையும், ஜெர்மனியில் நவீன இந்திய மொழிகளையும் ஊக்குவிப்பதற்கான கூட்டுப் பிரகடனம் கையெழுத்தானது. அரசுகளுக்கு இடையிலான மனக்கசப்பு இவ்வாறு தீர்ந்தது. ஆனால், ஜெர்மன் மீண்டும் மூன்றாவது மொழியாகவில்லை.

ராஜதந்திரத்தின் நிழல்

எந்த மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்பதை வெளியுறவுச் சூழலும் தீர்மானிக்கிறது. 2019-ஆம் ஆண்டு வெளியான கல்விக் கொள்கை வரைவில் சீன மொழி எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. கல்வான் மோதலுக்கு அடுத்த மாதம், 2020 ஜூலையில், ஒப்புதல் பெற்ற இறுதிக் கொள்கையில் அது இல்லை. கொரியம், தாய், போர்ச்சுகீசியம், ரஷியம் ஆகியவை இடம்பெற்றன.

மறுபுறம், வேலைவாய்ப்புச் சந்தை மொழித்திறனை வெளிப்படையாகவே கோருகிறது. திறன்சார் இந்தியப் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்துவதாக ஜெர்மனி 2024-ஆம் ஆண்டு அறிவித்தது. திறன்சார் தொழிலாளர்களை அனுப்புவதற்கான உடன்பாட்டில் இந்தியாவும் ஜப்பானும் 2021-ஆம் ஆண்டு கையெழுத்திட்டன. 2030-க்குள் 30 ஆயிரம் இந்திய மாணவர்களை வரவேற்க பிரான்ஸ் இலக்கு வைத்துள்ளது.

இவ்வாய்ப்புகளை நாடும் செவிலியரோ தொழில்நுட்பப் பணியாளரோ இருபது வயதைக் கடந்த பின், கட்டணம் செலுத்தித் தனியார் பயிற்சி நிலையங்களில் மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்க நேர்கிறது. பள்ளியிலேயே சில ஆண்டுகள் கற்றிருந்தால் அச்செலவும் காலமும் குறையும். வசதி படைத்த தனியார் பள்ளிகளின் மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களில் மிகச் சிலருக்கே கிட்டுகிறது.

மதிப்பெண்ணா, மொழியா?

பாடவேளை கிடைத்துவிட்டால் மட்டும் மொழி வந்துவிடாது என்பதற்குத் தமிழ்நாடு ஓர் எடுத்துக்காட்டு. அம்மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தமிழுக்கு மாற்றாக பிரெஞ்சு போன்ற மொழிகளைத் தேர்ந்தெடுக்க இயலும். கூடுதல் மதிப்பெண் பெறலாம் என்ற எண்ணத்திலேயே பலர் அதைத் தேர்ந்தெடுத்து வந்துள்ளனர். இலக்கணப் பயிற்சியையும் மொழிபெயர்ப்பையும் மனப்பாடம் செய்து உயர் மதிப்பெண் பெறும் மாணவர், ஒரு பிரெஞ்சுக்காரருடன் ஐந்து நிமிடம் உரையாட இயலாமல் நிற்பது உண்டு. எழுத்துத் தேர்வையே மையமாகக் கொண்ட கற்பித்தலின் விளைவு இது.

இக்குறையை ஈடுசெய்ய வல்லது பண்பாட்டுப் பரிமாற்றம். ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய 'பாஷ்' திட்டம், உலகெங்கும் உள்ள பள்ளிகளை ஜெர்மன் மொழிவழி இணைக்கிறது. இந்தியப் பள்ளிகளும் அதில் உள்ளன. ஜப்பானின் 'ஜெனசிஸ்', 'சகுரா அறிவியல்' திட்டங்களின் கீழ் இந்திய மாணவர்கள் குறுகிய காலப் பயணம் மேற்கொள்கின்றனர். பின்னதில் அரசுப் பள்ளி மாணவர்களும் தேர்வு செய்யப்படுவது குறிப்பிடத்தக்கது.

எனினும், இத்தகைய பயணங்கள் சில நாள்களில் முடிந்துவிடுபவை. செல்வோர் சிறு குழுவினரே. திரும்பி வரும் மாணவரின் ஆர்வத்தைத் தொடர்ந்து வளர்க்க, அவரது பள்ளியில் ஜப்பானிய ஆசிரியர் இருக்க வேண்டும். ஆயிரம் ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க இரு நாடுகளும் 2017-ஆம் ஆண்டு இலக்கு வகுத்தன. ஆனால், அத்திட்டம் உயர்கல்வி நிறுவனங்களையே முதன்மையாகக் கருத்தில் கொண்டது.

தேவைப்படுவது என்ன?

இந்திய மொழிகளுக்கான முன்னுரிமையைக் குறைக்காமலேயே அயல்மொழிக்கு இடமளிக்க வழி உண்டு. நான்காவது மொழிக்கு வாரத்தில் சில பாடவேளைகளை உறுதி செய்வது, பேச்சுத்திறனையும் மதிப்பிடுவது, அருகருகே உள்ள பல பள்ளிகளுக்கு ஓர் ஆசிரியரைப் பொதுவாக நியமிப்பது ஆகியவை செலவு குறைந்த தொடக்கங்கள். அனைத்துக்கும் மேலாக, ஒரு மொழியைத் தொடங்கிய மாணவர் அதைப் பள்ளிப் படிப்பு முடியும்வரை தொடரலாம் என்ற உத்தரவாதம் தேவை.

மொழிக் கொள்கையை மாற்றும் உரிமை அரசுக்கு உண்டு. அம்மாற்றத்தின் சுமை கல்வியாண்டின் நடுவே மாணவர் மீது விழக் கூடாது என்பதே 2014 விட்டுச்சென்ற படிப்பினை.