தலைக்கனம் பிடித்த டப்பாக்கள்

கம்ப்யூட்டர் மண்டையைப் போடுவதில் இரண்டு வகை. ஒன்று, 'டப்'பென்று சத்தம், கொஞ்சம் புகை, கருகல் வாசனை என்று சொல்லிக்கொண்டு போவது. இன்னொன்று, ராத்திரி நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் மாதிரி, காலையில் அசைவே இல்லாமல் கிடப்பது. இரண்டுக்கும் பல சர்வீஸ்காரர்கள் சொல்லும் வசனம் ஒன்றுதான். "மதர்போர்டு போச்சு சார். புதுசு வாங்கிடுங்க."

நான் பி.காம். யாராவது 'போச்சு' என்றால் எது போச்சு, எவ்வளவு போச்சு என்று வவுச்சர் கேட்கத் தோன்றும். படிப்பின் கோளாறு.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் நண்பர் ஒருவர் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. தை மாத முகூர்த்த சீசனில் அவருடைய பழைய மெஷின் கண்ணை மூடியது. உள்ளே பதினோரு பத்திரிகைகள். "புதுசு வாங்கினா நாப்பதாயிரம். அதுல என் பழைய பேஜ்மேக்கரும் வராது, ஃபான்ட்டும் வராது. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். குரல் கம்மியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தோம். பிராசசர் பக்கத்தில் வரிசையாகச் சின்ன உருளை டப்பாக்கள். அதுதான் கெபாசிட்டர். மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் விட்டு விட்டு வந்தாலும் குழாயில் சீராக விழுகிறதல்லவா? மின்சாரத்துக்கு அந்த வேலையை இது செய்கிறது. உள்ளே ஈரமான ரசாயனம் இருக்கும். அது கெட்டு வாயு கிளம்பினால் தலை உப்பும். தலையில் போட்டிருக்கும் கீறல், வெடிக்காமல் அங்கே பிளக்கட்டும் என்பதற்காக. நண்பரின் போர்டில் நாலு பேருக்குத் தலைக்கனம்.

இது மயிலாப்பூர் வியாதி இல்லை, உலக வியாதி. 1999 வாக்கில் தொடங்கிச் சில வருடங்கள், தைவானில் தயாரான பல கெபாசிட்டர்களில் ரசாயனக் கலவை சரியில்லை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் கம்பெனி அனுப்பிய 1.18 கோடி கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஆபத்து இருந்ததாக ஓர் அமெரிக்க வழக்கின் ஆவணங்கள் மூலம் 2010-ல் வெளியே வந்தது.

நல்ல கெபாசிட்டருக்கும் சூடு எமன். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்குவது, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். சென்னை மே மாதத்தில் மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்து, தூசி படியாமல் துணி வேறு போர்த்துகிறோம்!

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். அதன் ஒயர்களைப் போர்டிலிருந்து கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சையையும் கறுப்பையும் சேர்த்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது. மீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட் காட்ட வேண்டும். நண்பருடைய மஞ்சள் 10.8-ல் தள்ளாடியது. அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், சார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் பதுங்கியிருக்கலாம்.

ரிச்சி தெருவில் ஒரு புது எஸ்.எம்.பி.எஸ்., நாலு கெபாசிட்டர். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, 'லோ ஈ.எஸ்.ஆர்.' ரகம் என்று கேட்டு வாங்கினோம். தி.நகரில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர், பிளஸ் மைனஸ் மாறாமல் சால்டர் வைத்தார். கூலியோடு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

மெஷின் விழித்ததும் நண்பர் செய்த முதல் வேலை, பதினோரு பத்திரிகைகளையும் பென் டிரைவில் ஏற்றியது. அப்புறம்தான் காபி.

எல்லா மெஷினும் இப்படிப் பிழைத்துவிடாது. ஆனால் யாராவது "போச்சு" என்றால், "எது சார்? காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.